இலத்தீன் தனி ஆசிரியர்: எந்த மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பது?

இலத்தீன் கற்கத் தனி ஆசிரியரைத் தேடும் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். கட்டணம் பற்றி அவர் மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறார். முதலாமவர், முதுகலை படித்துக்கொண்டிருக்கும் மாணவர், ஒரு கட்டணம் சொன்னார். பள்ளியில் கற்பிக்கும் இரண்டாமவர் அதைப் போல இரண்டரை மடங்கும், ஒரு நிறுவனத்தின் வழியாக வரும் முனைவர் பட்டம் பெற்ற மூன்றாமவர் ஐந்து மடங்கும் கேட்டார்கள். தேர்வு எதுவும் எழுதப் போவதில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே ரோமத் தளபதி சீசர் எழுதியவற்றையும் விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் மூலத்தில் படிக்கும் அளவுக்கு வந்தால் போதும் என்கிறார். “மணிக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?” என்று கேள்வி முடிகிறது. ஆனால் அவர் எழுதியதை முழுவதும் படித்தால் அவர் அறிய விரும்புவது வேறு என்று தெரிகிறது. இந்த மொழியை ஆசிரியர் இல்லாமல் கற்க முடியுமா, முடியாதென்றால் எவ்வளவு காலத்துக்கு ஒருவர் துணை வேண்டும், மொத்தத்தில் அது கையை எவ்வளவு கடிக்கும் என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி.

நான் பதினெட்டு ஆண்டுகளாக இலத்தீன் கற்பித்து வருகிறேன். பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும், ஒருவருக்கு ஒருவராக. பள்ளித் தேர்வுக்குத் தயார் செய்யும் பிள்ளைகளை மிகச் சிலரையே கையாண்டிருக்கிறேன். ஆகவே தேர்வுப் பயிற்சி பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள். தொகையாக எதையும் சொல்லப் போவதில்லை. நாட்டுக்கு நாடு, ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றுக்கு எண் சொன்னால் அது யாருக்கும் பொருந்தாது. மணிக்கணக்கிலும் மடங்குக் கணக்கிலும் சொன்னால் எங்கிருந்து படிப்பவரும் தம் கையிருப்போடு பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், ஐந்து மடங்கு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். இதில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு: கட்டணத்தின் கணிசமான பங்கு ஆசிரியரின் புலமைக்குப் போவதில்லை. இடைத்தரகு நிறுவனமோ இணையத்தளமோ நடுவில் இருந்தால் பெரும்பாலும் அவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். முதல் வகுப்பின் கட்டணம் முழுவதையும் தாமே வைத்துக்கொள்ளும் தளமும் உண்டு. ஆசிரியர் வீடு தேடி வந்தால் அவருடைய பயண நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். தேர்வுக் காலம் நெருங்கும்போது கேட்பவர் கூடுவதால் கட்டணமும் ஏறும். தேர்வு இல்லாதவர் அந்த மாதங்களைத் தவிர்த்துத் தொடங்கினால் பேரம் பேசவாவது இடம் கிடைக்கும். இவற்றையெல்லாம் விட மறைவான செலவு ஒன்று இருக்கிறது. நீங்கள் இலத்தீனில் எழுதி அனுப்பும் பயிற்சி வாக்கியங்களை ஆசிரியர் வகுப்புக்கு வெளியே திருத்துகிறாரா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டாக வேண்டும். மலிவாகத் தோன்றும் ஆசிரியர் திருத்தத்தையும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே செய்தால், நீங்கள் அவர் படித்து முடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்.

எஞ்சிய வேறுபாடு புலமைக்கு. அந்தப் புலமை உங்களுக்குத் தேவையா என்பதே அடுத்த கேள்வி. இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளில் சொற்களைச் சுருக்கி எழுதும் குறிகள் ஏராளம். அவற்றைப் படிக்க வேண்டுமானால் அந்தத் துறையில் பழகியவரே வேண்டும், கேட்ட பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். சீசரைப் படிக்க அது வேண்டாம். நேற்று இரவு வரை இலத்தீன் படித்துக்கொண்டிருந்த முதுகலை மாணவர், பல ஆண்டுகளாக அடிப்படை இலக்கணத்தைக் கற்பிக்காத பேராசிரியரை விட உங்கள் தடுமாற்றத்தை நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடும். ‘கூடும்’ என்றுதான் சொல்கிறேன். இது என் அனுபவத்திலிருந்து எழும் கணிப்பே தவிர விதி அல்ல, நேர்மாறானவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி, ஓர் ஆசிரியரின் ஒரு மணி நேரம் எதற்குச் செலவாகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவர், கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாரம் இருமுறை வகுப்பு கேட்டார். நான்காவது வகுப்பில் பத்து வரிப் பகுதி ஒன்றைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு சொல்லாக அகராதியைப் புரட்டி, பென்சிலால் ஓரத்தில் பொருளை எழுதி, அடுத்த சொல்லுக்குப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுபது நிமிடத்தில் முப்பத்தெட்டு நிமிடம் அகராதிக்கே போயிற்று. அந்த முப்பத்தெட்டு நிமிடத்துக்கும் அவர் எனக்குப் பணம் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன், கொஞ்சம் கூச்சத்தோடு. அடுத்த வாரம் முறையை மாற்றினோம். வகுப்புக்கு முன்பே பகுதியை வீட்டில் பார்த்துவிட்டு, புரிந்த வாக்கியத்துக்கு ஒரு குறி, ஊகமாகப் பொருள் கொண்டதற்கு ஒரு குறி, கைவிட்டதற்கு ஒரு குறி போட்டு அனுப்புவது என்று ஏற்பாடு. பதினைந்து நாளைக்கு ஒரு வகுப்பு போதும் என்று நானே சொன்னேன். செலவு நான்கில் ஒன்றாகக் குறைந்தது, வேகம் குறையவில்லை. கணக்கர் என்பதாலோ என்னவோ, குறிகளை அவர் பேரேடு போலத் தேதியிட்டு வைத்திருந்தார்.

அவர் முதலில் செய்த தவறைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். ஆசிரியர் இல்லாமலே செய்யக்கூடிய வேலைக்கு ஆசிரியரை உட்கார வைத்துப் பணம் கொடுக்கிறார்கள். இலத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து வகை, வினைச்சொற்கள் நான்கு வகை, ஒவ்வொன்றுக்கும் விகுதி அட்டவணை உண்டு. அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அந்த மனப்பாடத்தை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது. ‘அமோ, அமாஸ், அமத்’ (நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்) என்று நீங்கள் ஒப்பிப்பதைக் கேட்க ஆசிரியர் தேவையில்லை, வீட்டில் யாராவது புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும். சொற்களைப் பெருக்குவதும் அப்படித்தான்.

ஆசிரியர் கட்டாயம் வேண்டிய இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறு வாக்கியம்: ‘புவெல்லா நௌத்தை ரோசம் தத்.’ சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் ‘பெண் மாலுமிக்கு ரோஜாவைக் கொடுக்கிறாள்’ என்று வரிசை கூட மாறாமல் வந்து உட்கார்ந்துவிடும். வேற்றுமை என்றால் என்ன என்று தமிழ் படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. வினை கடைசியில் வந்தால் அவர் திகைப்பதும் இல்லை. வேற்றுமை உருபுகள் அதிகம் இல்லாத மொழியிலிருந்து வருபவருக்கு நான் இரண்டு மூன்று வகுப்புகள் செலவிடும் இடம் இது. தமிழ் அறிந்தவர் அதை அரை மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார். ஆனால் அதே ‘நௌத்தை’ என்ற வடிவம் ‘மாலுமியின்’ என்றும் பொருள்படும். அப்படிக் கொண்டால் வாக்கியம் ‘மாலுமியின் பெண் ரோஜாவைக் கொடுக்கிறாள்’ என்றாகிவிடும். தனியாகப் படிப்பவர் முதலில் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். இன்னொரு பொருள் இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத தவறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகள் திருத்துவதில்லை. “வேறு எப்படிப் படிக்கலாம்?” என்று எதிரில் ஒருவர் கேட்க வேண்டும். உங்கள் பணம் அந்தக் கேள்விக்குப் போகட்டும்.

தமிழறிவு உதவும் இடம் உண்டு, காலை வாரிவிடும் இடமும் உண்டு. நமக்குக் ‘கு’ என்ற ஓர் உருபு எல்லாப் பெயருக்கும் பொது. இலத்தீனில் மாலுமிக்கு என்றால் ‘நௌத்தை’, எசமானுக்கு ‘தோமினோ’, அரசனுக்கு ‘ரேகி’, கைக்கு ‘மனுயி’, பொருளுக்கு ‘ரெயி’. ‘மாலுமிகளுக்கு’ என்பதில் பன்மை விகுதியும் வேற்றுமை உருபும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன. ‘நௌத்தீஸ்’ என்பதில் இரண்டும் ஒன்றாக உருகிக் கிடக்கின்றன. நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலைகளை அவர்கள் ஒரே வேற்றுமையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்: ‘கிளாதியோ’ வாளால், ‘ரோமா’ ரோமிலிருந்து, ‘நோக்தே’ இரவில். நமக்குப் பெயரெச்சம் செய்யும் வேலையை அவர்களிடம் ‘எவன், எவள், எது’ போன்ற ஒரு பிரதிப்பெயர் தனி வாக்கியத்தையே இழுத்துக்கொண்டு வந்து செய்கிறது. ‘என்று’ என்பதற்கு நேரான சொல் பண்டை உரைநடையில் பெரும்பாலும் இல்லவே இல்லை. என் கணிப்பில் தமிழ் அறிந்தவர் தொடக்கத்தில் மிச்சம் பிடிக்கும் மணிகளை இந்தக் கடைசி இரண்டு இடங்களில் செலவழிக்க நேரும்.

மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதற்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக் கூடியது பாடநூலின் அளவு. 1956இல் முதலில் வெளிவந்து இன்றும் பரவலாகப் பயன்படும் வீலாக்கின் பாடநூலில் 40 பாடங்கள். இலத்தீனை இலத்தீனிலேயே கற்பிக்கும் முறையில் டென்மார்க் நாட்டு ஓர்பர்க் எழுதிய நூலின் முதல் பகுதியில் 35 அத்தியாயங்கள். முதலாவது இலக்கணத்தை விளக்கிச் சொல்லிப் போவது. இரண்டாவது கதையை வாசிக்க வைத்து இலக்கணத்தை உள்ளே நுழைப்பது. வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு ஒரு பாடம் என்று வைத்தால் இடையில் விடுபடும் வாரங்களையும் சேர்த்து எதை எடுத்தாலும் பத்து மாதம் ஆகும். வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் சொந்த உழைப்பு வேண்டும். இதுவரை சொன்னது ஏறக்குறையக் கணக்கு. அந்தப் பத்து மாதம் முடிந்து சீசரைத் தடையின்றிப் படிக்க இன்னும் எவ்வளவு காலம் என்பது ஆளைப் பொறுத்தது. மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டவரும் உண்டு, ஒன்றரை ஆண்டு போராடியவரும் உண்டு, இருவருமே கெட்டிக்காரர்கள்.

கேட்டவருக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. தொடக்கத்தில் ஐந்து மணி நேரம்: உச்சரிப்பு, உயிர்க் குறில் நெடில், அகராதி பார்க்கும் முறை, ஒரு வாக்கியத்தை எந்த முனையிலிருந்து பிரிப்பது என்பவை. இந்த ஐந்து மணி நேரத்துக்கு நல்ல ஆசிரியரையே பிடியுங்கள். தொடக்கத்தில் பழகும் தவறான உச்சரிப்பும் ஊகித்துப் படிக்கும் பழக்கமும் பின்னால் இரண்டு மடங்கு நேரத்தைத் தின்னும். அடுத்த பத்து மாதம் மாதத்துக்கு இரண்டு வகுப்பு, ஆக இருபது மணி நேரம். பாடநூலை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள், ஆசிரியர் தணிக்கையாளர் மட்டும். பிறகு பாடநூல் முடிந்து மூலநூலுக்குள் காலை வைக்கும் மூன்று மாதம், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு மணி நேரம். மிகப் பலர் முழங்காலை உடைத்துக்கொள்ளும் இடம் இதுதான். பாடநூல் வாக்கியங்கள் கற்பிப்பதற்காகச் சமைக்கப்பட்டவை. மூலநூல் வாக்கியம் யாருக்கும் கற்பிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. எல்லாம் சேர்த்து முப்பத்தேழு மணி நேரம். மாறாக, வாரம் இருமுறை என்று ஓராண்டு ஆசிரியரை வைத்துக்கொண்டால் நூற்று நான்கு மணி நேரம். உங்கள் எண்ணிக்கையிலேயே போட்டுப் பாருங்கள்: இரண்டரை மடங்கு கேட்கும் பள்ளி ஆசிரியரிடம் முப்பத்தேழு மணி நேரம் படித்தால், மலிவான மாணவரிடம் தொண்ணூற்றிரண்டரை மணி நேரம் படித்த செலவுதான் ஆகும். அந்த மாணவரிடம் நூற்று நான்கு மணி நேரம் உட்காருவதை விட அது குறைவு. ஐந்து மடங்கு கேட்பவரை இப்போதைக்கு விட்டுவிடலாம். அவர் தரும் கூடுதல் புலமை உங்கள் நோக்கத்துக்குப் பயன்படும் இடம் எனக்குத் தெரியவில்லை.

விவிலியமும் படிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது செலவைக் குறைக்கும் செய்தி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் மேற்கொண்ட மொழிபெயர்ப்பின் நற்செய்தி நூல்கள் குறுகிய வாக்கியங்களில் ஓடுபவை; பாடநூலில் பாதி தாண்டியதும் ஆசிரியர் துணையின்றி மெல்லப் படிக்கத் தொடங்கலாம். கதை முன்பே தெரிந்திருந்தால் பாதி அகராதி மிச்சம். உச்சரிப்பில் மட்டும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பண்டை ரோமர் பேசியதாக அறிஞர்கள் மீட்டெடுத்த முறையில் சீசர் ‘கைசர்’, ரோமப் பேச்சாளர் சிசரோ ‘கிக்கெரோ’. திருச்சபை மரபில் அவர்கள் ‘சேசர்’, ‘சிச்செரோ’. இரண்டையும் கற்க இரண்டு ஆசிரியர் வேண்டாம். ஒன்றில் ஊன்றியபின் மற்றதற்கு மாற ஒரு வகுப்பு போதும். ஆசிரியரிடம் எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். “எப்படிச் சொன்னாலும் சரி” என்பவரைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு முறையையும் கலந்து பேசுபவரிடம் குறில் நெடில் பற்றிய அக்கறையும் குறைவாகவே இருக்கக் கண்டிருக்கிறேன்.

இலத்தீனைப் பேசியே கற்பிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இம்முறையில் எதிரில் ஆள் இல்லாமல் எதுவும் நகராது, ஆகவே மணிகள் கூடும், செலவும் கூடும். வாசிக்க மட்டும் விரும்புகிறவருக்கு அது அவசியமா என்பது கற்பிப்பவர்களிடையே இன்னும் தீராத வாதம். அட்டவணையைக் கண்டாலே சோர்ந்துபோகும் சிலர் பேச்சு வழியாக மட்டுமே தாக்குப்பிடித்ததை நான் பார்த்திருப்பதால் அதை ஆடம்பரம் என்று ஒதுக்க மாட்டேன். நீங்கள் எந்த வகை ஆள் என்பது மூன்றாவது வாரத்துக்குள் தெரிந்துவிடும்.

கருவி நூல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. லூயிஸ், ஷார்ட் இருவரும் தொகுத்து 1879இல் வெளிவந்த பெரிய அகராதியும், ஆலன், கிரீனோ இருவருடைய இலக்கணத்தின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பும் காப்புரிமை காலாவதியானவை. இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அந்தப் பணத்தை இரண்டு கூடுதல் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒத்த நிலையில் இன்னொருவர் கிடைத்தால் வகுப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நானே இருவருக்குச் சேர்த்து ஒன்றரை மடங்குதான் வாங்குகிறேன். ஆனால் இருவரும் ஒரே வேகத்தில் உழைத்தால்தான் அது மலிவு. ஒருவர் வீட்டு வேலையைச் செய்யாமல் வந்தால் மற்றவர் அவருடைய அகராதி நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

இலவசமாகவே நல்ல இலத்தீன் கிடைக்குமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். கிடைத்தது உண்டு. வத்திக்கானில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இலத்தீன் எழுத்துப் பணியில் இருந்த ரெஜினால்ட் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கத் துறவி, ரோமில் கோடைக் காலம்தோறும் கட்டணமின்றி வகுப்பு நடத்தினார். தாம் கற்பித்த பல்கலைக்கழகத்தில் பணம் கட்டாதவர்களையும் வகுப்பில் உட்கார வைத்தார் என்பதற்காக 2006இல் அந்த வேலையை இழந்தார். அதன் பிறகும் இலவசமாகவே கற்பித்தார். 2020இல் இறந்தார். அவரிடம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் ஆசிரியர்கள். ஆனால் கட்டணம் இல்லாத அந்த வகுப்பில் வீட்டுப் பயிற்சித் தாள்கள் மிகக் கடுமையானவை என்று பெயர் பெற்றவை. அங்கே பணத்துக்குப் பதில் உழைப்பு வாங்கப்பட்டது.

கடைசியாக, அந்தப் பள்ளி ஆசிரியர் நாற்பது மணி நேரத்துக்கு முன்பணம் கட்டினால் இருபது விழுக்காடு தள்ளுபடி என்று சொன்னதைப் பற்றி. கணக்கு எளிது: முப்பத்திரண்டு மணி நேரத்துக்கான பணத்தை இன்றே கட்டுகிறீர்கள், ஆகவே அதற்கு முன் நிறுத்தினால் நட்டம். என்னிடம் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகைப் பெயர்ச்சொற்கள் வரும் கட்டத்தில், அதாவது எட்டிலிருந்து பன்னிரண்டாவது வகுப்புக்குள், நிறுத்தினார்கள். அந்த வகையில் எழுவாய் வடிவத்தைப் பார்த்து மற்ற வடிவங்களை ஊகிக்க முடியாது: அரசன் ‘ரேக்ஸ்’, அரசனின் ‘ரேகிஸ்’, பயணம் ‘இத்தெர்’, பயணத்தின் ‘இத்தினெரிஸ்’. முதல் ஐந்து வகுப்புக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள். பிறகு மாதாமாதம் இரண்டு வகுப்புக்கு. ‘இத்தினெரிஸ்’ வந்த பிறகும் புத்தகத்தைத் திறக்க மனம் வருகிறதென்றால், மீதமுள்ள மணிகளுக்கு அதே தள்ளுபடியை அப்போது கேளுங்கள். ஒழுங்காக வருகிற மாணவருக்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.